கைரேகை உள்ளவன்

பம்பாயின் தொடர்கொலைகாரன் ராமன் ராகவ் பிடிபட்ட பிறகு என்ன தின்றான் என்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். கோழிக்கறி. வாயைத் திறக்காமல் அடம்பிடித்தவனிடம் உனக்கு என்னதான் வேண்டும் என்று போலீஸ் கேட்க, கோழிக்கறி வேண்டும் என்றான். வயிறாரத் தின்றான். பிறகு தலைக்கு எண்ணெய் கேட்டான், சீப்பு கேட்டான், கண்ணாடி கேட்டான். எண்ணெய் தேய்த்துத் தலைவாரி, கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்ட பிறகுதான் பேச உட்கார்ந்தான். ஐம்பது வருடத்துக்கு முந்தைய ஒரு சாப்பாட்டை இத்தனை துல்லியமாக ஞாபகம் வைத்திருக்கிற சயானில், அவனுடைய இரும்புக்கு இரையானவர்கள் அன்றிரவு சோறு தின்றுவிட்டுப் படுத்தார்களா, ரொட்டியா, பட்டினியா என்று யாரும் பேசி நான் கேட்டதில்லை. அவர்கள் பெயரையும் யாரும் சொன்னதில்லை. ரொம்ப நாளாக இது எனக்குள் உறுத்திக்கொண்டிருக்கிறது. கோபம் என்று சொல்ல முடியாது. யார் மேல் கோபப்படுவது? கதை சொல்கிறவர்கள் மோசமானவர்கள் இல்லை. கேட்கிறவர்களும் இல்லை. கதைக்கு ஒரு முகம் வேண்டியிருக்கிறது, கிடைத்த முகம் அவனுடையது, அவ்வளவுதான் என்று விட்டுவிடலாம். விட முடியாததால் எழுதுகிறேன்.

1965, 66-இல் ரயில் பாதையோரம் தூங்கிக்கொண்டிருந்த 19 பேர் இரவு நேரங்களில் தாக்கப்பட்டார்கள். 9 பேர் இறந்தார்கள். மத்திய ரயில்வே என்று பெயர் மாறி 15 வருடம் ஆகியும் பழைய ஆட்கள் ஜி.ஐ.பி. என்றே சொல்லிக்கொண்டிருந்த பாதை அது. சயான் அதில் ஒரு நிலையம். அடிபட்டவர்களில் பெரும்பாலோர் நடைபாதையிலோ, கோணியும் தகரமும் சேர்த்துக் கட்டிய ஜோப்படியிலோ, கதவென்று ஒன்று இல்லாத இடத்தில் படுத்திருந்தவர்கள். தலையில் கனமான இரும்பால் அடி. பிழைத்தவர்களிடமும் சொல்ல எதுவும் இல்லை, தூங்கிக்கொண்டிருந்தார்கள். அப்போதே அவனைப் பிடித்தார்கள், சாட்சியம் இல்லாமல் விட்டுவிட்டார்கள். 1968-இல் வடக்குப் புறநகர்களில் மறுபடியும் தொடங்கியது. குற்றப்பிரிவுத் துணை ஆணையர் ரமாகாந்த் குல்கர்ணி விசாரணையைக் கையில் எடுத்தார். ஆகஸ்ட் 27 அன்று டோங்ரியில் சப்-இன்ஸ்பெக்டர் அலெக்ஸ் ஃபியால்ஹோ அவனை அடையாளம் கண்டு நிறுத்தினார். எத்தனை பேரைக் கொன்றான் என்ற கணக்கு மட்டும் இன்றுவரை ஆளுக்கொன்று. 23 என்பார்கள், 41 என்பார்கள், அதற்கும் மேல் என்பார்கள். அவனே ஒத்துக்கொண்ட கணக்கை வைத்துச் சொல்கிறார்கள். கொன்றவனிடம் கேட்டுத்தான் செத்தவர்களை எண்ண வேண்டியிருந்தது என்பதை அந்த எண்ணிக்கையைச் சொல்கிற யாரும் ஒரு நொடி நின்று யோசிப்பதில்லை.

பிடிபட்டபோது அவனிடம் இருந்த பொருள்களின் பட்டியல் பலமுறை அச்சேறியிருக்கிறது. ஒரு மூக்குக்கண்ணாடி. இரண்டு சீப்பு. ஒரு கத்தரிக்கோல். ஊதுவத்தி ஏற்றும் தாங்கி. சோப்பு. பூண்டு. தேயிலைத் தூள். ஏதோ கணக்குப் போட்ட இரண்டு துண்டுக் காகிதம். போட்டிருந்த காக்கி அரைக்கால் சட்டையிலும் புஷ் சட்டையிலும் ரத்தக் கறை, ஷூவில் சேறு. ரத்தத்தைக் கழித்துவிட்டு இந்தப் பட்டியலை வாசித்தால் ஒரு கொலைகாரனின் உடைமை என்று சொல்ல இதில் ஒன்றுமில்லை. கத்தரிக்கோல்கூட அன்றைய நடைபாதையில் தாடி மீசை ஒதுக்கிக்கொள்ள எவனும் வைத்திருப்பதுதான். பூண்டு இருந்தால் எங்கேயோ மூன்று கல் வைத்து எதையோ வதக்கிய வாசனை இருந்திருக்கும். தேயிலைத் தூள் இருந்தால் அதை நனையாமல் காகிதத்தில் மடித்து, ஆகஸ்ட் மழையில் சட்டைக்குள் பத்திரப்படுத்திய கை இருந்திருக்கும். ஊதுவத்தித் தாங்கி இருந்தால், அவனும் எதற்கோ முன்னால் கண்ணை மூடி நின்றிருப்பான். ஊரிலிருந்து பம்பாய்க்கு வந்து விழுந்த எந்த ஒற்றை ஆளின் மூட்டையை அவிழ்த்தாலும் அநேகமாக இவைதான் உருண்டிருக்கும். அவன் அடித்துக் கொன்றவர்களின் தலைமாட்டிலும் இதே சோப்பும் பூண்டும் தேயிலையும் இருந்திருக்கும். அவன் மூட்டைக்கு வந்த வாசகர்கள் அந்த மூட்டைகளுக்கு வரவில்லை. எந்த மூட்டை யார் கைக்குப் போனது, எது குப்பை லாரியில் ஏறியது என்று கேட்டு எழுதவும் யாரும் கிளம்பவில்லை.

அவனுக்குப் பெயர்களும் நிறைய. ராமன் ராகவ், சிந்தி தல்வாய், வேலுசாமி, அண்ணா, தம்பி. ஐந்தில் மூன்றைத் தமிழில் கூப்பிட்டால் தாராவியின் எந்தக் கல்லியிலும் இன்றைக்கும் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். இந்த இடத்தில் எங்கள் ஆட்களுக்கு ஒரு கூச்சம் உண்டு. தொண்ணூறு அடி ரோட்டுப் பக்கம் திருநெல்வேலியிலிருந்து வந்து நிலைத்த ஒரு ஆச்சியிடம் இந்தப் பேச்சை எடுத்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். “எய்யா, அவன் நம்ம பக்கத்து ஆளு இல்ல. மெட்ராஸ் பக்கம்னுல்லா சொல்லுதாவ.” மெட்ராஸ் பக்கத்து ஆட்களைக் கேட்டால் கையைத் தெற்கே காட்டுவார்கள். அந்தக் கூச்சத்தைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. 1966 ஜூனில் சிவசேனை தொடங்கியது. தென்னிந்தியன் என்றாலே வேலையைப் பறிக்க வந்தவன் என்று மேடையில் பேச்சு, உடுப்பி ஓட்டல்கள் மேல் கல்லெறி. தமிழன் என்று தெரியாமல் இருப்பதே பாதுகாப்பு என்றிருந்த வருடங்களில் ஊரே நடுங்குகிற கொலைகாரன் தமிழன் என்று தெரியவந்தால் என்ன செய்வார்கள்? தள்ளி நின்றார்கள். செத்தவங்க யாரு ஆச்சி என்று கேட்டேன். “யாரு கண்டா. எல்லாம் வெளிய படுத்துக் கெடந்த சனம். நாங்களும் வெளியதான் கெடந்தோம். உள்ள படுத்தா வெக்கை, வெளிய படுத்தா அவன்.” செத்தவர்களைத் தெரியாது என்று சொன்ன அதே மூச்சில், தாங்களும் அவர்களும் ஒன்று என்று சொல்லிவிட்டார். கொன்றவன் நம்ம ஆள் இல்லை என்பதில் இருந்த அவசரம் அதில் இல்லை.

டோங்ரியில் நிறுத்தியவனை இவன்தான் ராமன் ராகவ் என்று உறுதிப்படுத்தியது கைரேகை. ஏற்கெனவே கொள்ளை வழக்கில் ஐந்து வருடம் உள்ளே இருந்தவன், அதனால் ரேகை பதிவில் இருந்தது, ஒப்பிட்டார்கள், பொருந்தியது. துப்பறியும் கதையில் இது ஒரு வெற்றிக் கணம். எனக்கு அது வேறு மாதிரித் தெரிகிறது. பம்பாயின் குடிசைகளை அரசு முதல்முறையாகக் கணக்கெடுத்து, ஆளைப் படம் பிடித்து அட்டை கொடுத்தது 1976-இல். அதற்கு முன்னால் ரயில் பாதையோரத்தில் வாழ்ந்து செத்தவர்களுக்கு இந்த நகரத்தின் பதிவேடுகளில் அநேகமாக இடமில்லை. ரேஷன் அட்டைக்கு விலாசம் வேண்டும், விலாசத்துக்கு வீடு வேண்டும், வீட்டுக்கு நிலம் வேண்டும். அன்றைக்கு அந்தப் பாதையோரத்தில் அரசின் தாளில் விரல் பதிந்திருந்தவன் திருடினவன். திருடாமல் மூட்டை தூக்கியவனும், தோல் பதப்படுத்தியவனும், பீடி சுற்றியவளும், பிச்சை எடுத்தவளும் அந்தத் தாளுக்கு வெளியே படுத்திருந்தார்கள். அவனைத் திரும்பத் தேடி எடுக்க முடிந்ததும் அவர்களை முடியாமல் போனதும் ஒரே காரணத்தால். மனசாட்சி, அலட்சியம் என்று பெரிய சொற்களைத் தேடும் முன் இந்த எளிய விஷயத்தைப் பார்க்க வேண்டும். திருடியிருந்தால் அவர்களுக்கும் பெயர் இருந்திருக்கும்.

கூடுதல் செஷன்ஸ் நீதிமன்றம் அவனுக்கு மரண தண்டனை கொடுத்தது. அவன் மேல்முறையீடு செய்யவில்லை. தண்டனையை உறுதிசெய்யும் முன் உயர் நீதிமன்றம் மூன்று மனநல மருத்துவர்கள் கொண்ட குழு அமைக்கச் சொன்னது. அவர்கள் அவனை ஐந்து முறை, ஒவ்வொரு முறையும் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் சந்தித்தார்கள். உலகம் இரண்டு என்று அவர்களிடம் சொன்னான். ஒன்று கானூனின், அதாவது சட்டத்தின் உலகம். மற்றது இது, நாம் இருக்கிற பொல்லாத உலகம். தான் முதலாவதின் பிரதிநிதி. கடைசிச் சந்திப்பில் விடைபெறும்போது கை நீட்டியவர்களின் கையைத் தொட மறுத்துவிட்டான். தீராத மனச்சிதைவு என்று முடிவாகி, தூக்கு ஆயுள் தண்டனையானது. எரவாடா சிறையில் இருந்து, 1995-இல் புனே சசூன் மருத்துவமனையில் சிறுநீரகம் கெட்டுச் செத்தான். அவன் பேச்சை நோயின் அடையாளமாக எடுத்துக்கொண்ட மருத்துவர்கள் சரியாகத்தான் செய்தார்கள். அதில் ஞானம் தேடுவது அவனுக்கும் அவன் கொன்றவர்களுக்கும் செய்கிற அவமரியாதை. சித்தம் கலங்கிய எல்லாரும் கொலைகாரர்கள் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சயான் நிலையத்துக்கு வெளியே தனக்குத்தானே பேசிக்கொண்டு போகிறவர்கள் அடிவாங்குவதைத்தான் பார்த்திருக்கிறேன், அடித்துப் பார்த்ததில்லை. ஆனாலும் அந்த இரண்டு உலகப் பிரிவினை மனசை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. அவனைக் குணமாக்க முடியுமா, தூக்கிலிட முடியுமா, தன் வழக்கைத் தானே புரிந்துகொள்கிறானா என்று சட்டம் பத்து மணி நேரம் எதிரில் உட்கார்ந்து கேட்டது. கேட்டது நியாயம். அவன் கைபட்டவர்கள் விஷயத்தில் சட்டம் அவர்கள் உடம்பைக் கிடந்த இடத்தில் அளந்து எழுதியதோடு சரி.

எங்கள் ஊர்ப்பக்கம் கொலை விழுந்தால் கணக்கு வேறாக இருக்கும். தாமிரபரணிக்கரைக் கிராமங்களில் பாதிச் சாமிகள் வெட்டுப்பட்டுச் செத்தவர்கள். காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனுக்குத் தோல் செருப்பைக் காணிக்கையாகக் கட்டுவார்கள். பிராமணனாகப் பிறந்து, சக்கிலியப் பெண்கள் பொம்மக்காவையும் திம்மக்காவையும் கட்டி, செருப்புத் தைத்து, மாட்டுக்குக் காவலிருந்து, மாடு திருட வந்தவர்கள் கையால் செத்த முத்துப்பட்டன்தான் அந்தச் சாமி. கட்டிய செருப்பு தேய்ந்திருக்கும், ராத்திரி அவர் போட்டுக்கொண்டு காட்டைச் சுற்றுகிறார் என்பார்கள். புதுத் தோலின் வாடையும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து அடிக்கிற அந்த இடத்தில் நின்றால் ஒன்று புரியும். கொன்றவர்கள் பெயர் வில்லுப்பாட்டுக்காரருக்கு மட்டும் தெரியும், செத்தவனுக்குப் பீடம். அன்பினால் மட்டும் வந்ததில்லை இது, பயத்தினால் வந்தது. கொன்றவன் வீடும் செத்தவன் வீடும் ஒரே ஊரில், ஒரே குளத்தில் தண்ணீர் மொண்டு, மறுநாளும் மறுவருடமும் முகம் பார்த்தாக வேண்டும். கொன்றவன் வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் செத்தவன்தான் வந்திருக்கிறான். பொங்கல் வைத்தாக வேண்டும். இடம் மாறாமல் இருப்பவர்களிடையேதான் செத்தவனுக்கு இந்த அதிகாரம் கிடைக்கும். நடைபாதையில் செத்தவர்களுக்கு அது எப்படிக் கிடைக்கும்? பக்கத்தில் படுத்திருந்தவன் விடிந்ததும் வேறு பாலத்தடிக்குப் போய்விட்டான். காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு யார் வந்திருக்கிறார் என்று சொல்ல அங்கே கோடாங்கி இல்லை.

சாமியாக்கி விடுவதும் அப்படியொன்றும் சுத்தமான காரியம் இல்லை. முத்துப்பட்டன் கதையின் சில வடிவங்கள், அந்தப் பெண்கள் உண்மையில் பிராமணர்கள், சக்கிலியர் எடுத்து வளர்த்தார்கள் என்று பின்னால் திருத்தம் செய்தன. பீடம் கொடுத்த ஊர் கல்யாணத்தைத் தாங்க முடியாமல் பிறப்பை மாற்றிக்கொண்டது. ஞாபகம் வைத்துக்கொள்ளவும் ஒரு விலை வாங்கும். இதை நினைக்கும்போது இங்கிலாந்தில் சஃபோக் மாவட்டத்தில் இருக்கிற போல்ஸ்டெட் என்ற சின்ன கிராமம் ஞாபகத்துக்கு வருகிறது. 1827 மே மாதம் மரியா மார்ட்டன் என்ற பெண்ணை, கல்யாணம் செய்துகொள்கிறேன் என்று ஒரு களஞ்சியத்துக்கு வரச்சொல்லி, வில்லியம் கார்டர் கொன்று அங்கேயே புதைத்தான். மறுவருடம் உடல் கிடைத்தது, 1828 ஆகஸ்டில் பெரி செயின்ட் எட்மண்ட்ஸில் ஆயிரக்கணக்கானோர் பார்க்க அவனைத் தூக்கிலிட்டார்கள். இங்கே செத்தவள் பெயர் மறையவில்லை. நாடகம் போட்டார்கள், பாட்டுக் கட்டினார்கள், அவள் பெயர் சொல்லித்தான் விற்றார்கள். கொலை நடந்த களஞ்சியத்தைப் பார்க்க வந்த கூட்டம் அதன் பலகையை ஞாபகார்த்தமாகப் பெயர்த்துக்கொண்டு போனது, பல்குச்சியாகக்கூட அது விலை போயிற்று. தேவாலய வளவில் அவளுக்கு நட்ட கல்லை வருகிறவன் போகிறவன் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்து எடுத்துப் போய், கடைசியில் கல்லே இல்லாமல் போயிற்று. கொன்றவனின் தோலை ஒரு மருத்துவர் பதப்படுத்தி, அவன் வழக்கு விசாரணையின் புத்தகத்துக்கே அட்டை போட்டார். அது பெரி செயின்ட் எட்மண்ட்ஸ் அருங்காட்சியகத்தில் இன்றும் பத்திரமாக இருக்கிறது.

அப்படியானால் பெயர் இருந்துவிட்டால் போதும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது என்ன ஆகிறது? போல்ஸ்டெட்டில் பெயர் இருந்தது, பெயரைப் பொறித்த கல்தான் தின்னப்பட்டது. பிரியமாக வந்தவர்கள்தான் தின்றார்கள். கொலைக் கதைக்கு வாசகராக வருகிறவர்கள் எல்லாரிடமும் அந்தச் சின்னச் சுத்தியல் இருக்கும் போலிருக்கிறது. ராமன் ராகவுக்கும் அப்படித்தான். ஸ்ரீராம் ராகவன் 1991-இல் ரகுவீர் யாதவை வைத்து அவன் கதையைப் படமாக எடுத்தார். 2016-இல் அனுராக் காஷ்யப் அவன் பெயரையும் ஒரு எண்ணையும் சேர்த்துத் தலைப்பாக்கி, முழுக்க வேறொரு கதைக்கு வைத்தார். இரண்டையும் பார்த்தேன், இரண்டிலும் எனக்கு ரசிக்க நிறைய இருந்தது. பெயர் மட்டுமே போதுமான முதலீடாகிவிட்டது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். நாளைக்கே செத்தவர்களின் பெயர்ப் பட்டியல் கிடைத்தால் அதையும் வைத்து எட்டு பாகத் தொடர் எடுப்பார்கள். அவர்களுக்கும் ஒரு மூட்டை, ஒரு பூண்டு, ஒரு ஊதுவத்தி கொடுத்து நம்மை அழவைப்பார்கள். பூண்டின் வாசனையைப் பற்றி நான் மேலே எழுதியதும் அந்த வேலைதானோ என்ற சந்தேகம் இருக்கிறது.

ராமன் ராகவ் பிடிபட்ட அதே 1968, டிசம்பர் 25. அன்றைய தஞ்சை மாவட்டத்தில் கீழ்வெண்மணி. கூலியாக அரைப்படி நெல் கூடக் கேட்டதற்காகவும் சங்கக் கொடியை இறக்க மறுத்ததற்காகவும் தலித் விவசாயத் தொழிலாளர்களின் சேரி கொளுத்தப்பட்டது. ஒரு குடிசைக்குள் ஒளிந்த 44 பேர், அதில் பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், எரிந்து செத்தார்கள். தண்டிக்கப்பட்ட மிராசுதார்களைச் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. கார் வைத்திருக்கிற பெரிய மனிதர்கள் தாங்களே நடந்து வந்து தீ வைத்தார்கள் என்பதை நம்புவது கடினம் என்ற பொருளில் தீர்ப்பு எழுதியது. சட்டத்தின் கோப்பில் கொன்றவனே இல்லாமல் போன கொலை இது. சயானில் கோப்பில் இருப்பவன் கொன்றவன் மட்டும், வெண்மணியில் கோப்பு அவனையும் கழற்றி விட்டது. ஆனால் வெண்மணியில் 44 பெயர்களும் கல்லில் இருக்கின்றன. எழுதினது நீதிமன்றம் இல்லை, செங்கொடி இயக்கமும் அந்தச் சேரி ஜனங்களும். வருடந்தோறும் டிசம்பர் 25-இல் அங்கே போகிறார்கள். அந்தக் கல்லை யாரும் உடைத்துத் துண்டு எடுத்துப் போகவில்லை. ஏன் என்று யோசித்தால், அங்கே வருகிறவர்கள் கதை கேட்க வருகிறவர்கள் இல்லை. கூலிச் சண்டை முடியவில்லை, செத்தவர்கள் இன்னும் அந்தச் சண்டையில் ஒரு தரப்பு. போல்ஸ்டெட்டில் மரியாவுக்குத் தரப்பு இல்லை, ரசிகர்கள் இருந்தார்கள். முத்துப்பட்டனுக்குப் பயந்தவர்கள் இருந்தார்கள். ஜி.ஐ.பி. பாதையோரத்தில் செத்தவர்களுக்குத் தரப்பும் இல்லை, ரசிகரும் இல்லை, பயந்தவரும் இல்லை. ஒவ்வொருத்தர் ஒவ்வோர் ஊரிலிருந்து தனித்தனியாக வந்திருந்தார்கள். ஒரே கையால் செத்ததைத் தவிர அவர்களைச் சேர்த்துக் கட்ட எதுவும் இல்லை. அந்த முடிச்சையும் அவன் பெயரில்தான் போட முடியும்.

நடைபாதை ஜனம் உயிரோடு இருக்கும்போது பதிவேட்டில் ஏறிய சந்தர்ப்பம் ஒன்று உண்டு. 1981-இல் மழை நடுவே மாநகராட்சி அவர்களைக் கலைத்து, பஸ்ஸில் ஏற்றி அவரவர் ஊருக்கு அனுப்பத் தொடங்கியபோது சிலர் உச்ச நீதிமன்றம் போனார்கள். மனுதாரர்களில் ஒருவர் சேலத்துக்காரர். நிலமில்லாத கூலி. ஊரில் வறட்சியில் வேலை போய் 1961-இல் பம்பாய் வந்தவர். தஹிசரில் ஒரு ரசாயன கம்பெனியில் நாளுக்கு 23 ரூபாய் சம்பளம். நடைபாதையில் பிளாஸ்டிக்கும் கித்தானும் போட்ட ஒரு நிழலுக்காகப் பேட்டை ரவுடிக்கு 2,500 ரூபாய் அழுதவர். பெண்டாட்டி பிள்ளைகளோடு சேலத்துக்கு அனுப்பப்பட்டு, அவர்களை அங்கே விட்டுவிட்டு வேலை தேடித் திரும்பி வந்து, மறுபடி நடைபாதையிலேயே விழுந்தவர். ராமன் ராகவ் இரும்போடு அலைந்த வருடங்களில் இந்த மனிதர் இந்த நகரத்தில் எங்கோ தூங்கிக்கொண்டிருந்தார். அவரைப் போன்ற ஒருவர்தான் எழுந்திருக்கவில்லை. பம்பாயில் வெளியே படுத்தவனுடைய வாழ்க்கை ஊர், வருடம், சம்பளம், குடும்பம் என்று கொஞ்சமாவது துலக்கமாக எழுதப்பட்டிருக்கிற இடங்களில் அந்தத் தீர்ப்பு ஒன்று. 1985-இல் வந்த அந்தத் தீர்ப்பு, பிழைப்பு என்பது உயிர்வாழும் உரிமையின் பகுதி என்று சொன்னது. முறையாக நோட்டீஸ் கொடுத்துவிட்டு அப்புறப்படுத்தலாம் என்றும் சொன்னது. 1976 கணக்கெடுப்பில் அட்டை வாங்கியவர்களுக்கு மாற்று இடம். அந்த வழக்கு சட்டக் கல்லூரிகளில், தோளோடு தோள் நின்று மனுப் போட்ட பத்திரிகையாளர் ஓல்கா டெல்லிஸின் பெயரில் வழங்குகிறது. அவர்மேல் குறையில்லை, நல்ல மனுஷி. சேலத்துக்காரரின் பெயரைச் சொல்லி யாரும் அந்த வழக்கைக் குறிப்பிட்டு நான் கேட்டதில்லை.

ராமன் ராகவ் மேல் தண்டனை வரை போன வழக்கு மாலாட் பக்கத்தில் செத்த இரண்டே பேரின் கொலைக்கானது. அது உச்ச நீதிமன்றம் வரை போனதால் 1975 தீர்ப்பில் அந்த இருவர் பெயரும் இருக்கிறது. மகாராஷ்டிர அரசு எதிர் சிந்தி என்ற ராமன் என்று அவனுடைய பெயரைச் சொல்லித்தான் அந்தத் தீர்ப்பைத் தேடி எடுக்க முடியும். வட இந்தியப் பெயர்கள், அப்பா பெயரோடு. அவற்றை இங்கே எழுதினால் என்ன என்று இந்தக் கட்டுரை முழுக்க என்னை நானே கேட்டுக்கொண்டு வந்தேன். பெயர் இல்லையே என்று புலம்புகிறவன் கையில் இருக்கிற இரண்டையாவது கொடுக்க வேண்டாமா? எழுத வரவில்லை. அவர்களுடைய ஊரில் ஒரு பேரன் இருக்கலாம். தாத்தா பம்பாய் போனவர் திரும்பவில்லை என்பதோடு அந்தக் குடும்பம் அதை மூடி வைத்திருக்கலாம். அல்லது ஊரிலேயே ஒரு மேடை கட்டி வருடத்துக்கு ஒருநாள் விளக்கு வைக்கலாம். இரண்டும் அவர்கள் முடிவு. சயானில் உட்கார்ந்துகொண்டு அதை ஒரு கட்டுரையின் உச்சமாக்கிக்கொள்ள எனக்கு எந்த உறவும் இல்லை. வெண்மணியில் பெயரைக் கல்லில் வெட்டியவர்களுக்கு அந்த உறவு இருந்தது.

இன்றைக்கு நிலைமை மாறிவிட்டது என்று சொல்ல ஆதாரம் நிறைய இருக்கிறது. தாராவியில் 2024-இல் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கிக் கதவில் எண் எழுதினார்கள். 2000 ஜனவரி 1-க்கு முன் தரைத்தளத்தில் இருந்ததற்குக் காகிதம் காட்டுபவருக்கு ஒரு கணக்கு, மாடியில் இருப்பவருக்கு வேறு கணக்கு. ஆதார் அநேகமாக எல்லாரிடமும் இருக்கிறது. ஆனாலும் சயான் மருத்துவமனையின் வெளிச்சுவரை ஒட்டி நோயாளியின் சொந்தக்காரர்கள் பிளாஸ்டிக் விரித்துப் படுக்கிறார்கள், ரயில்வே போலீஸ் சௌக்கிப் பலகையில் அடையாளம் தெரியாத பிணங்களின் புகைப்படம் வெயிலில் வெளுக்கிறது. பட்டியலில் ஏறியவர்கள் பெருகியிருக்கிறார்கள், தேடி வருகிறவர்கள் பெருகியதாகத் தெரியவில்லை. கொலை என்றதும் யார் செய்தது என்று கேட்பது போலீஸின் வேலை, அதற்குத்தான் அவர்களுக்குச் சம்பளம். நாமும் அதே கேள்வியைப் பிடித்துக்கொண்டால் நமக்கும் கோழிக்கறிதான் மிஞ்சும். செத்தவரைத் தேடி யார் வந்தார்கள் என்று கேட்டுப் பார்க்கலாம். ஜி.ஐ.பி. பாதையோரத்துச் சாவுகளில் பெரும்பாலானவற்றுக்கு அதற்குப் பதில் வராது. ஏன் வராது என்று தொடர்ந்து கேட்டால், எந்தெந்த மாவட்டத்தில் மழை பொய்த்தது, யார் யாருக்கு நிலம் இல்லை, எவன் கூலி கொடுக்காமல் விரட்டினான் என்று கேள்வி டோங்ரியை விட்டு வெகுதூரம் போய்விடும். போகட்டும். அவர்கள் ஒவ்வொருத்தரும் அங்கிருந்துதான் கிளம்பி வந்தார்கள்.